வாசகர் கேள்வி – பதில்: உரோமர் கால எகிப்தியப் பொருள்களைச் சேர்க்க விரும்புவோருக்கு

எகிப்தை உரோமர் ஆண்ட காலத்தில் அலெக்ஸாந்திரியாவில் அடிக்கப்பட்ட காசு ஒன்றின் படத்தைச் சென்ற இதழில் வெளியிட்டு, அத்தகைய பொருள்களைச் சேர்ப்போர் உலகெங்கும் இருக்கிறார்கள் என்று சில வரிகள் எழுதியிருந்தேன். அதன்பின் திருகோணமலை நகரிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்கள் எனக்கு மகிழ்ச்சி தந்தன. அவற்றுள் இரண்டொன்றில் தெரிந்த அவசரம் கவலையும் தந்தது. ஆகவே இம்மாதப் பகுதியை முழுமையாக இந்த விடயத்துக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி (உவர்மலை வாசகர்): ஐயா, என்னுடைய அம்மப்பா இங்கிருந்த பிரித்தானியக் கடற்படைத் தளத்தில் தச்சராக வேலை செய்தவர். சூயஸ் வழியாக வந்த கப்பலின் மாலுமி ஒருவர் கொடுத்ததாகச் சொல்லி, தடித்துக் கறுத்த நான்கு காசுகளைத் தகரப் பெட்டி ஒன்றில் வைத்திருந்தார். எல்லாவற்றிலும் ஒரு பக்கம் ஓர் ஆணின் தலை இருக்கிறது. மறுபக்கத்தில் ஒன்றில் கழுகும், இன்னொன்றில் யானையின் தும்பிக்கையும் தந்தமும் கொண்ட தலையணி அணிந்த பெண்ணும் தெரிகின்றன. படங்களை அனுப்பியிருக்கிறேன். இவை என்ன? விலை மதிப்புள்ளவையா?

பதில்: படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காசுகளில் உள்ளவை கிரேக்க எழுத்துகள். கி.மு. 30இல் கிளியோபாத்ரா இறந்த பின்னர் எகிப்து உரோமின் மாகாணமாயிற்று என்றாலும், அங்கே அரச அலுவல்களும் காசுகளும் கிரேக்க மொழியிலேயே தொடர்ந்தன. உங்களிடம் இருப்பவை அலெக்ஸாந்திரியாவின் அக்கசாலையில் அடிக்கப்பட்ட டெட்ராடிராக்ம் காசுகள். நான்கு திராக்மா பெறுமதி என்பது அச்சொல்லின் பொருள். வெள்ளியோடு செம்பு மிகுதியாகக் கலந்த உலோகமாதலால் அவை இவ்வாறு கறுத்துப்போகின்றன.

இக்காசுகளின் மேல் எனக்குத் தனியான பற்று உண்டு. உரோமப் பேரரசின் மற்றக் காசுகளில் ஆண்டைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், பேரரசருடைய பட்டங்களையும் பதவிகளையும் எண்ணிக் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கும். அதுவும் பல வேளைகளில் உறுதியான விடையைத் தராது. அலெக்ஸாந்திரியக் காசு தன் ஆண்டைத் தானே சொல்லிவிடும். மறுபக்கத்தில் ஆங்கில எழுத்தான எல் போன்ற ஒரு குறியைத் தேடுங்கள். 'ஆண்டு' என்பதற்கு எகிப்தில் வழங்கிய சுருக்கக் குறி அது. அதை அடுத்து வரும் கிரேக்க எழுத்துகள் எண்களாகும்: அல்ஃபா ஒன்று, பீட்டா இரண்டு, அயோட்டா பத்து. யானைத் தலையணி அணிந்த பெண் உள்ள உங்கள் காசில் அயோட்டாவும் பீட்டாவும் தெளிவாக இருக்கின்றன, தலையைச் சுற்றியுள்ள எழுத்தில் உரோமப் பேரரசர் நீரோவின் பெயர் இருக்கிறது. ஆகவே அது நீரோவின் 12ஆம் ஆட்சியாண்டுக் காசு. எகிப்தியப் புத்தாண்டு ஆகஸ்ட் 29இல் பிறந்தது. ஒரு பேரரசர் இடையில் பதவிக்கு வந்தால், வந்த நாள் முதல் அடுத்த புத்தாண்டு வரையான காலம் எவ்வளவு குறுகியதாயினும் அதுவே அவருடைய முதலாம் ஆண்டு. நீரோ பதவியேற்றது கி.பி. 54 ஒக்டோபரில். இந்தக் கணக்கின்படி உங்கள் காசு கி.பி. 65 ஆகஸ்ட் முடிவுக்கும் 66 ஆகஸ்ட் முடிவுக்கும் இடையில் அடிக்கப்பட்டிருக்கிறது. யானைத் தோலைத் தலையில் அணிந்த அந்தப் பெண், அலெக்ஸாந்திரியா நகரின் உருவகம்.

விலையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நீரோ தம் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் இக்காசுகளைப் பெருந்தொகையாக அடிப்பித்தார். ஆதலால் இவை அரியவை அல்ல. இவை எகிப்துக்குள் மட்டுமே செல்லுபடியாயின. அங்கே போனவர்கள் தம் காசைக் கொடுத்து இதை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தத் தனி ஏற்பாடு கி.பி. 296 அளவில் பேரரசர் டயோக்ளீஷியன் காலத்தில் முடிவுக்கு வந்தது. அதற்குள் காசில் வெள்ளி பெயரளவுக்கே எஞ்சியிருந்தது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து நடத்தப்படும் 'ரோமன் புரொவின்ஷியல் காய்னேஜ்' என்ற இணைய அட்டவணையில் கட்டணமின்றித் தேடலாம். பேரரசர் பெயரையும் ஆண்டையும் கொடுத்தால் உங்கள் மற்ற மூன்று காசுகளின் இணைகளையும் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். அந்த இன்பத்தை உங்களிடமிருந்து நான் பறிக்க விரும்பவில்லை.

கேள்வி (கிண்ணியாவிலிருந்து ஓர் ஆசிரியை): உரோமர் காலத்து எகிப்தியச் சுடுமண் பொம்மை என்று ஒரு படத்தைப் பார்த்தேன். வாயில் விரல் வைத்த குழந்தை அது. பார்ப்பதற்கு எகிப்தியச் சிலை போலவும் இல்லை, உரோமச் சிலை போலவும் இல்லை. ஏன் இந்தக் கலப்பு?

பதில்: அந்தக் குழந்தை ஹார்ப்போக்கிரட்டீஸ், ஐசிஸ் தெய்வத்தின் மகனான ஹோரஸின் குழந்தை வடிவம். வாயில் விரல் வைப்பது பழைய எகிப்தில் குழந்தைப் பருவத்தைக் காட்டும் அடையாளம்; அவர்களுடைய சித்திர எழுத்திலும் குழந்தை என்பதற்கு அதே வடிவந்தான். பின்னர் வந்த கிரேக்கரும் உரோமரும் அதை 'பேசாதே' என்ற சைகையாக எடுத்துக்கொண்டு, அவரை மௌனத்தின் தெய்வமாக்கிவிட்டார்கள். முந்நூறு ஆண்டுகள் கிரேக்க வழிவந்த தாலமி மன்னர்கள் ஆண்ட நாட்டை உரோமர் கைப்பற்றினார்கள் என்பதை நினைவில் வைத்தால் கலப்பு வியப்பளிக்காது. தெய்வம் எகிப்தியருடையது, உடலை வனைந்த முறை கிரேக்கருடையது, வரி வாங்கியவர் உரோமர்.

இந்தப் பொம்மைகள் நைல் வண்டல் மண்ணை முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்குமான அச்சுகளில் அழுத்தி ஒட்டிச் சுட்டவை. மேலே வெண்பூச்சு இட்டு நிறம் தீட்டினார்கள். கோயிலுக்காகச் செய்தவை அல்ல பெரும்பாலானவை. வீட்டு மாடத்தில் வைத்து வழிபட்டவை. சில உருவங்களில் குழந்தை ஒரு கையைப் பானைக்குள் விட்டிருக்கும். வெண்ணெய்ப் பானையோடு தவழும் கண்ணனை வீட்டில் வைத்திருப்போருக்கு அந்த அன்பு எளிதில் விளங்கும். பெரிய கல் சிலைகளைவிட இத்தகைய சிறு பொம்மைகளே அக்காலத்துச் சாதாரணக் குடும்பங்களை எனக்குக் காட்டுகின்றன.

கேள்வி (மூதூர் வாசகர்): 'உரோமர் கால உஷப்தி' என்று ஒரு நீலப் பொம்மையை இணையத்தில் விற்பவர், 'பழைய சுவிஸ் சேகரிப்பிலிருந்து' என்றும், உண்மைச் சான்றிதழ் தருவதாகவும் சொல்கிறார். விலையும் அதிகமில்லை. இரண்டு நாளில் பணம் அனுப்ப வேண்டுமாம். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். பணத்தை அனுப்பும் முன் இதைப் படிப்பீர்கள் என்று நம்பி, உங்களுக்குத் தனிக் கடிதமும் எழுதியிருக்கிறேன்.

உஷப்தி என்பது, மறுவுலகில் இறந்தவருக்குப் பதிலாக வயல்வேலை செய்வதற்கென்று கல்லறையில் வைக்கப்பட்ட பணியாள் உருவம். பல நூற்றாண்டுகள் நிலைத்த அந்த வழக்கம் தாலமி மன்னர் காலத்திலேயே அருகி மறைந்துவிட்டது. ஆகவே 'உரோமர் கால உஷப்தி' என்ற தொடரே தவறு. பொருள் பழையதாக இருந்தால் அது உரோமர் காலத்ததல்ல; உரோமர் காலத்தது என்று அவர் உறுதியாகச் சொன்னால் அது உஷப்தியல்ல. இரண்டில் எதுவானாலும் விற்பவருக்குத் தாம் விற்பது என்னவென்று தெரியவில்லை, அல்லது தெரிந்தே சொல்கிறார்.

சான்றிதழைப் பற்றி ஒரு வார்த்தை. விற்பவரே எழுதிக் கையொப்பமிட்டுத் தரும் தாள், அவருடைய வாய்ச்சொல்லுக்கு மேலாக எதையும் மெய்ப்பிக்காது. நீங்கள் கேட்க வேண்டியது வேறு: இந்தப் பொருள் எகிப்தை விட்டு எப்போது, யார் கையால், எந்த அனுமதியோடு வெளியேறியது? இந்தக் கேள்விக்கு விடை தரக்கூடிய பொருள்கள் உண்மையிலேயே இருக்கின்றன. எகிப்தை அப்போது ஆண்ட முகமது அலி 1835ஆம் ஆண்டிலேயே தொல்பொருள் ஏற்றுமதியைத் தடைசெய்து ஆணையிட்டார். ஆனால் நடைமுறையில், 1912ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்ற வணிகர்கள் அங்கே வெளிப்படையாகவே கடை வைத்திருந்தார்கள். கெய்ரோ நூதனசாலையிலேயே 1979 வரை ஒரு விற்பனை அறை இயங்கியது. பயணிகள் அங்கே பணம் கொடுத்து, பற்றுச்சீட்டும் ஏற்றுமதி அனுமதியும் பெற்று, பொருளைச் சட்டப்படி எடுத்துச் சென்றார்கள். 1983ஆம் ஆண்டின் 117ஆம் இலக்கச் சட்டம் அந்த வணிகம் முழுவதையும் முடித்துவைத்தது. அதன்பின் எகிப்திய மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட எந்தத் தொல்பொருளும் அரசின் உடைமை. அதை வெளியே கொண்டுவந்தவர் கடத்தல்காரர்.

ஆகவே நேர்மையான விற்பனையாளர் ஒருவர் அந்தப் பழைய பற்றுச்சீட்டையோ, ஆண்டு அச்சிட்ட பழைய ஏல விவரப்பட்டியலில் அதே பொருளின் படத்தையோ, முன்னைய உரிமையாளரின் பெயரும் திகதியும் உள்ள கடிதத்தையோ காட்டுவார். கலாசாரச் சொத்துகளின் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை உருவான 1970ஆம் ஆண்டைப் பெரிய நூதனசாலைகள் எல்லைக்கோடாகக் கொள்கின்றன. அதற்கு முன்பே எகிப்துக்கு வெளியில் இருந்ததைக் காட்டும் தாள் இருந்தால் நல்லது. 'பழைய சுவிஸ் சேகரிப்பு', 'ஒரு கனவானின் உடைமை' என்பவற்றில் பெயர் இல்லை, ஆண்டு இல்லை, ஊர் இல்லை. 2011ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது எகிப்தின் களங்கள் பல இரவோடிரவாகத் தோண்டப்பட்டன. அப்படி வெளிவந்த பொருள்களும் இத்தகைய மூடிய சொற்களின் பின்னாலேயே சந்தைக்கு வருகின்றன.

அறிஞர் உலகமே இதில் ஏமாந்திருக்கிறது. நைலுக்கு மேற்கே இருந்த ஒக்ஸிரிங்கஸ் என்ற பழைய நகரின் குப்பை மேடுகளிலிருந்து 1896ஆம் ஆண்டு தொடங்கி எடுக்கப்பட்ட பாப்பிரஸ் என்ற நாணல் தாள் துண்டுகள் ஐந்து இலட்சத்துக்கு மேல். அவற்றைப் பொறுப்பில் வைத்திருக்கும் இலண்டன் எகிப்து ஆய்வுக் கழகம், தன் தொகுப்பிலிருந்து களவாக வெளியேறிய 13 துண்டுகள் அமெரிக்காவில் ஒரு நூதனசாலையின் கையில் இருப்பதை 2019இல் உறுதிப்படுத்தியது. வாங்கியவர்கள் அவற்றைத் திருப்பித் தர உடன்பட்டார்கள். பெரும்பணமும் ஆலோசகர்களும் உள்ள நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், இரண்டு நாள் தவணையில் முடிவெடுக்கச் சொல்லப்படும் உங்களுக்கு எவ்வளவு எச்சரிக்கை வேண்டும் என்று எண்ணிப்பாருங்கள்.

போலிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வார்ப்புக் காசின் விளிம்பில் இரு அச்சுகள் சேர்ந்த தழும்பும், மேற்பரப்பில் ஊசிமுனைக் குழிகளும் இருக்கும். அடித்த காசில் அவை இரா. சுடுமண் பொம்மையில் அளவைப் பாருங்கள். உண்மையான ஒரு பொம்மையிலிருந்து அச்செடுத்துப் புதிதாகச் செய்தால், மண் உலரும்போதும் சுடும்போதும் சுருங்குவதால், பிரதி மூலத்தைவிடச் சிறிதாகும். மண் கடைசியாக எப்போது சுடப்பட்டது என்பதை வெப்ப ஒளிர்வுச் சோதனை காட்டும், ஆனால் அது சிறிது மண்ணைத் துளையிட்டு எடுக்கும் செலவான சோதனை. இவை எல்லாம் பொருள் பழையதா என்பதை மட்டுமே சொல்லும். களவு போனதா என்பதைச் சொல்லமாட்டா.

கேள்வி (நிலாவெளி, உயர்தர மாணவி): மம்மியின் முகத்தில் வைத்த ஓவியங்களைப் பற்றிக் கலைப் பாட ஆசிரியர் சொன்னார். மெழுகால் வரைந்தவை என்றார். அது எப்படி? அவை இன்னும் விற்பனைக்கு வருகின்றனவா?

பதில்: அன்புள்ள மகளுக்கு, இந்தக் கடிதத்துக்காகவே இந்தப் பகுதியை நீளமாக எழுத ஆசைப்பட்டேன்.

உரோமர் காலத்து எகிப்தில் பிணத்தைப் பதப்படுத்தித் துணி சுற்றும் வழக்கம் நிற்கவில்லை. பழைய முகமூடிக்குப் பதிலாகச் சிலர், மெல்லிய மரப்பலகையில் இறந்தவரின் முகத்தை வரைந்து துணிச் சுற்றுக்குள் செருகினார்கள். தேன்மெழுகோடு நிறத்தைக் கலந்து, தூரிகையாலும் கடினமான சிறு கருவியாலும் பூசுவது ஒரு முறை. விலங்குப் பசையோடு கலந்து தீட்டுவது மற்றொரு முறை. மெழுகு முறையில் வரைந்த முகங்களில் கன்னத்தின் ஈரமும் கண்ணின் ஒளியும் இன்றும் மங்கவில்லை. பலகை பெரும்பாலும் லிண்டன் மரம். அது எகிப்தில் வளராது, ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தது. நகைகளைத் தங்கத் தகட்டால் ஒட்டியவையும் உண்டு. இன்று உலகில் இத்தகைய ஓவியங்கள் ஏறத்தாழ ஆயிரம் இருக்கின்றன. பெரும்பகுதி ஃபையூம் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவை. அதற்கு வெளியே, ஹேட்ரியன் பேரரசர் கி.பி. 130இல் நிறுவிய அந்தினோபொலிஸ் நகரிலும் கிடைத்திருக்கின்றன.

சேர்ப்பவர்களின் இரு வகையை இந்த ஓவியங்கள் அருகருகே நிறுத்திக் காட்டுகின்றன. ஒரே காலத்தில், 1887–88 அளவில், இருவர் இவற்றைத் திரட்டினார்கள். வியன்னாவைச் சேர்ந்த தியடோர் கிராஃப் என்ற வணிகர், எர்-ருபையாத் என்ற இடத்திலிருந்து உள்ளூர் ஆட்கள் தோண்டிக் கொண்டுவந்தவற்றை மொத்தமாக வாங்கி ஐரோப்பாவில் காட்சிக்கு வைத்து விற்றார். பலகைகள் உடல்களிலிருந்து பிரிக்கப்பட்டிருந்தன. எந்தக் குழியில், யாரோடு, எந்தப் பொருளோடு கிடந்தன என்ற குறிப்பு எதுவும் இல்லை. அந்த முகங்கள் இன்று பல நாடுகளில் சிதறித் தொங்குகின்றன, பெயரில்லாமல். அதே ஆண்டுகளில் ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி, மூன்றாம் அமெனெம்ஹட்டின் பிரமிட்டுக்கு அருகிலுள்ள ஹவாராவில் முறையாகத் தோண்டி, கண்டதைக் கண்ட இடத்திலேயே குறித்து, சில மம்மிகளை ஓவியத்தோடும் துணியோடும் முழுமையாகவே காத்தார். பின்னர் 1911இல் அவருக்கு அங்கே ஓர் இளம்பெண்ணின் மம்மி கிடைத்தது. முகத்துக்கு அருகில் கிரேக்கத்தில் 'ஹெர்மியோனே கிரம்மத்திக்கே' என்று எழுதியிருந்தது. பின்னையது எழுத்தறிவித்தவர், அல்லது எழுத்துக் கற்றவர் என்று பொருள்படும் சொல். அவர் இன்று கேம்பிரிட்ஜில், பெண்களுக்கென்று தொடங்கப்பட்ட கேர்ட்டன் கல்லூரியில் இருக்கிறார். கிராஃப் வாங்கிய முகங்களுள்ளும் எத்தனை ஆசிரியைகள் இருந்தார்களோ, அதை இனி யாராலும் சொல்ல இயலாது. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகிறது.

ஏலங்களில் இவ்வோவியங்கள் எப்போதாவது வருவதுண்டு. விலை நம் எண்ணத்துக்கு எட்டாதது. நீ விரும்பினால் தேன்மெழுகும் நிறப்பொடியும் வாங்கி, ஒரு சிறு பலகையில் உன் தங்கையின் முகத்தை வரைந்து பார். மெழுகு ஆறுவதற்குள் தூரிகை எவ்வளவு விரைவாக நகர வேண்டும் என்பதைக் கை அறிந்தபின், அந்த ஓவியர்களின் திறமை உனக்கு வேறுவிதமாகத் தெரியும்.

கேள்வி (தம்பலகாமம் வாசகர்): கல்லறையிலிருந்து எடுத்த பொருளை வீட்டில் வைத்தால் தோஷமில்லையா?

பதில்: தோஷத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் உங்கள் தயக்கத்தை நான் மதிக்கிறேன். உரோமர் கால எகிப்தில் மம்மியின் கழுத்தில் சிறு மரத்துண்டு ஒன்றைக் கட்டுவார்கள். அதில் இறந்தவரின் பெயர், தந்தை பெயர், சில வேளைகளில் வயதும் ஊரும் கிரேக்கத்திலோ டெமோட்டிக் என்ற எகிப்திய எழுத்திலோ இருக்கும். படகில் கொண்டுபோகும்போது உடல் மாறிவிடக்கூடாது என்பதற்காக. அந்தத் துண்டு சந்தைக்கு வருகிறது என்றால் உடல் எங்கே போயிற்று? அத்தகைய துண்டையும் மனித உடற்பகுதி எதையும் நான் வாங்கமாட்டேன். காசு, விளக்கு, கண்ணாடிக் குப்பி போன்ற புழங்குபொருள்கள் வேறு.

கேள்வி (உப்புவெளி வாசகர்): என்னிடமுள்ள பழைய செப்புக்காசுகளில் வெளிர்பச்சைப் பொடி பூக்கிறது. தேசிக்காயும் புளியும் போட்டுத் துலக்கலாமா?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவது நம் வீடுகளின் நல்ல பழக்கம்; பழங்காசுக்கு அதுவே நஞ்சு. நாற்பது ஆண்டுகளுக்கு முன் நான் ஓர் அலெக்ஸாந்திரியக் காசைத் தேசிக்காய்ச் சாற்றில் ஓர் இரவு ஊறவைத்தேன். காலையில் அது பளபளத்தது. ஆண்டைக் குறித்த எழுத்துகள் இருந்த மேற்படலம் கரைந்து போயிருந்தது. அது எந்த ஆண்டுக் காசு என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

நீங்கள் பார்ப்பது வெண்கல நோய். மண்ணிலிருந்து உலோகத்துக்குள் ஏறிய குளோரைட் உப்பு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து செம்பை அரித்துப் பொடியாக்குகிறது. கரும்பச்சையாய்க் கெட்டியாக ஒட்டியிருப்பது நோயல்ல, அது காசுக்குக் காப்பு. தொட்டால் உதிரும் வெளிர்பச்சைப் பொடிதான் நோய். காற்றின் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் அது பெரிதும் அடங்கிவிடும். கடற்கரையில் வாழும் நமக்குக் கச்சான் வீசும் மாதங்களிலும் அப்படிப்பட்ட காற்றுக் கிடைப்பதில்லை, வாடைக்காலத்தைச் சொல்லவே வேண்டாம். ஆகவே காற்றுப் புகாத மூடியுள்ள பெட்டியில், சிலிக்கா ஜெல் பொதிகளோடு வையுங்கள். பொதியை மாதத்துக்கு ஒருமுறை பார்த்து, ஈரமேறியிருந்தால் சூடாக்கி உலர்த்துங்கள். நோயுள்ள காசைப் பிரித்துத் தனியே வையுங்கள். காய்ச்சி வடித்த நீரில் பல நாள் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி உப்பைக் குறைக்கலாம். குழாய் நீரில் குளோரின் இருப்பதால் அது ஆகாது. பி.வி.சி. பிளாஸ்டிக் பக்கங்கள் உள்ள காசு அல்பம்களையும் விட்டுவிடுங்கள். அந்தப் பிளாஸ்டிக் பழையதாகும்போது அமிலத்தைக் கசியவிடும். சுடுமண் பொம்மைக்கு நீரே கூடாது, வெண்பூச்சு கழன்றுவிடும்.

கேள்வி (குச்சவெளி வாசகர்): மாந்தைப் பக்கம் தோண்டியெடுத்த உரோமக் காசுகள் என்று ஒருவர் கொண்டுவந்தார். எகிப்தில் வாங்குவதைவிட இது எளிதல்லவா?

பதில்: எளிது, சட்டவிரோதம். நிலத்தில் கண்டெடுத்ததைத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம். இலங்கையில் மிகுதியாகக் கிடைப்பவை 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளின் சிறு செப்புக்காசுகளும், அவற்றைப் பார்த்து இங்கேயே செய்த போன்மைகளுமாகும். எந்தக் குழியில் எதனோடு கிடைத்தன என்ற செய்தி போய்விட்டால், இரண்டையும் பிரித்தறிவதே கடினமாகிவிடும்.

கேள்வி (நகரிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்): தோண்டிய இடத்துக்கு நீங்கள் இவ்வளவு முக்கியத்துவம் தருவது ஏன்? பொருள் அழகாக இருந்தால் போதாதா?

பதில்: எகிப்தின் செங்கடற்கரையில் உரோமர் காலத் துறைமுகங்கள் இரண்டைத் தோண்டினார்கள். ஒன்று மியோஸ் ஹோர்மோஸ், இன்றைய குசைர் அல்-கதீம்; மற்றது பெரனிக்கே. குசைரில் கிடைத்த இரண்டு பானை ஓடுகளில் தமிழ்ப் பிராமி எழுத்தில் 'கணன்', 'சாதன்' என்ற பெயர்கள் இருந்தன. பின்னர் அதே இடத்தில் கிடைத்த இன்னோர் ஓட்டில் 'பானை ஒறி' (அதாவது உறி) என்று எழுதியிருந்ததை ஐராவதம் மகாதேவன் படித்தார். பெரனிக்கேயில், இந்தியாவில் செய்த ஒரு பெரிய சாடியில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது. இவற்றில் எதுவும் அழகான பொருளல்ல. ஓட்டுத் துண்டை ஒரு வணிகர் தெருவில் விற்றிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள். பார்த்திருந்தாலும், அது தமிழகத்தில் எங்கோ பொறுக்கியது என்றே எண்ணியிருப்பார்கள். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் சாதன் என்ற தமிழர் ஒருவரின் பானை செங்கடல் வரை போயிற்று என்று இன்று நாம் துணிந்து சொல்வதற்கு, அது கிடந்த மண்ணடுக்கைக் குறித்துவைத்தவரே காரணம்.

இலங்கையோடு தொடர்புள்ள ஒன்றும் உண்டு. செங்கடலில் வரி வசூலிக்கும் குத்தகை எடுத்த அன்னியஸ் புளோக்காமஸ் என்பவரின் ஆள் ஒருவர் காற்றில் அள்ளுண்டு தப்ரபேன், அதாவது நம் தீவை அடைந்தார் என்று பழைய உரோம எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். அதே புளோக்காமஸின் அடிமையான லைசாஸ் என்பவர், எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில் பெரனிக்கே செல்லும் வழியிலுள்ள பாறையில் கி.பி. 6இல் தம் பெயரைப் பொறித்திருக்கிறார். யாராவது அந்தப் பாறையை வெட்டி ஒரு கனவானின் கூடத்தில் வைத்திருந்தால், பிளினியின் கூற்றுக்கு இப்படியொரு துணை நமக்குக் கிடைத்திருக்காது.

நம் ஊரையே பாருங்கள். 1950இல் கிணறு தோண்டியபோது கோணேசர் கோயிலுக்கு அண்மையில் சோமாஸ்கந்தர் முதலிய வெண்கலத் திருமேனிகள் வெளிப்பட்டன. கண்ட இடமும் கண்ட விதமும் ஊரறிய நிகழ்ந்ததால், அவை போர்த்துக்கேயர் இடித்த பழைய கோயிலின் திருமேனிகள் என்று எல்லாரும் அறிந்தோம், மீண்டும் எழுந்தருளச் செய்தோம். இரவில் ஒரு திருடன் தோண்டியிருந்தால், இன்று அவை எங்கோ ஒரு கண்ணாடிப் பெட்டியில் 'சோழர் பாணி, தென்னிந்தியா' என்ற அட்டையோடு நின்றிருக்கும்.

கேள்வி (உவர்மலை வாசகரின் இரண்டாம் கடிதம்): அந்த நான்கு காசுகளையும் கனடாவிலுள்ள தம்பி தபாலில் அனுப்பச் சொல்கிறார். அனுப்பலாமா?

பதில்: இப்போது அனுப்பாதீர்கள். இலங்கையில் இருக்கும் பொருள் 1815 மார்ச் 2க்கு முற்பட்டதாக இருந்தால் அதைத் தொல்பொருளாகவே கட்டளைச் சட்டம் கருதுகிறது. ஏற்றுமதிக்கு உரிமம் வேண்டும். முதலில் தொல்பொருள் திணைக்களத்துக்கு எழுதிக் கேளுங்கள், பதில் வரும்வரை பெட்டி உங்களிடமே இருக்கட்டும்.

அதற்கிடையில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கடற்படைத் தளம் 1957இல் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. அதற்கு முன் அம்மப்பா அங்கே வேலை செய்ததற்கான சேவைப் புத்தகமோ அடையாள அட்டையோ இருந்தால் தேடி எடுங்கள். அம்மம்மா இன்னும் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். காசு எப்போது வீட்டுக்கு வந்தது, மாலுமி பற்றி அவர் என்ன கேள்விப்பட்டார் என்பதை அவர் வாயால் சொல்லச் சொல்லி, திகதியிட்டு எழுதி, அவருடைய கையொப்பத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காசையும் நிறுத்து, இரு பக்கமும் படமெடுத்து, அந்தத் தாளோடு வையுங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் காசுகளுக்கு அடியில் மஞ்சளேறிய செய்தித்தாள் துண்டு ஒன்று தெரிகிறது; ஒரு மூலையில் திகதியின் பாதி இருக்கிறது. பெட்டியைத் துப்புரவாக்கும்போது அந்தக் கடதாசியை எறிந்துவிடாதீர்கள்.